பசை காயும் இருபது நிமிடம்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முட்டிவலிகூட இந்த வாரம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு அதுவே போதும். உன் தங்கை கார் ஓட்டப் பழகுகிறாள், நம் வீட்டு கேட் இரண்டு இடத்தில் நசுங்கிவிட்டது.

நீ கேட்ட கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலையும் உங்கள் பல்கலைக்கழகமும் கைகோத்த திட்டம் பெரிய வெற்றி என்று, ஒட்டும் பிரிவின் மேற்பார்வையாளராக நான் எழுதிக் கொடுத்தால்தான் உனக்குப் பட்டம் கிடைக்கும் என்கிறாய். எதில் வெற்றி கண்ணு? உன் பேராசிரியர் விமானம் ஏறி வந்து மூன்றே நாள் இருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஸ்டாப் வாட்ச். அட்டைப்பெட்டிகளை ஒட்டி அடுக்கி, மேலே பலகை ஏற்றிவிட்டு இருபது நிமிடம் சும்மா இருப்போம், அதை ‘வீண் நேரம்’ என்று குறித்துக்கொண்டார். பசை காயணும் சார் என்றேன். அதெல்லாம் எங்க மாடல்ல வந்துடும்மா என்று சிரித்தார். மாடலில் வந்ததோ என்னவோ, பெட்டியில் வரவில்லை. எங்கள் முதலாளியும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி, ‘கூட்டு முயற்சி’ என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு இருபது நிமிடத்தையும் வெட்டிவிட்டார். போன வாரம் ஒரு லாரி நிறையப் பெட்டி திரும்பி வந்தது, எல்லாம் அடியில் வாயைப் பிளந்துகொண்டு. உள்ளே இருந்த குழாய்களெல்லாம் வாங்கியவர் காலிலேயே விழுந்ததாம். அதற்கும் உன் பேராசிரியர் அசரவில்லை, தொழிலாளர்கள் மாற்றத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கையில் எழுதிவிட்டார். பசை ஒத்துழைக்கவில்லை என்று எழுத வெட்கமாக இருந்திருக்கும். ஒரு பெட்டி ஒட்டத் துப்பில்லை, வாய் மட்டும் காது வரைக்கும்.

அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நேரக் கணக்கைப் போட்டது நீ என்று பார்த்தேன். அங்கே உட்கார்ந்துகொண்டே போட்டிருக்கிறாய், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு, முதல் கையெழுத்து என்னுடையதுதான். பட்டம் தள்ளிப்போனால் போகட்டும், நீ நன்றாக வருவாய், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அப்புறம், மூன்று வாரமாக ஏன் போன் இல்லை என்று கேட்டிருந்தாய். தினமும் பத்தரை மணிக்கு உன்னோடு பேசிக்கொண்டிருந்தது அந்த இருபது நிமிடத்தில்தான்.

உன் அம்மா