கோட்டைத் தாண்டாத தண்ணீர்

பெப்ரவரி 6
வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பாடசாலை வரை பஸ்ஸில் நின்றே போனேன். ஒன்பதாம் வகுப்பு, காலநிலைப் பாடம். ‘வடதுருவக் கடலில் மிதக்கும் ஐஸ் உருகினால் கடல் மட்டம் உயரும்’ என்று பலகையில் எழுதினேன். எல்லாரும் பார்த்து எழுதினார்கள். டில்ஷானி மட்டும் எழுதவில்லை.

பெப்ரவரி 7
டில்ஷானி ஒரு கிளாஸோடு வந்தாள். அப்பாவின் மீன் கடையிலிருந்து ஐஸும் கொண்டுவந்திருந்தாள்.
“மிஸ், ஐஸ் மிதக்குது. தண்ணி நிக்கிற இடத்தில கோடு கீறியிருக்கன். பாருங்க.”
ஐஸ் கரைந்தது. தண்ணீர் கோட்டைத் தாண்டவில்லை. வகுப்பே சிரித்தது.
நிலத்தின் மேல் கிடக்கும் ஐஸ் உருகி ஓடிவந்தால்தான் கடல் ஏறும். மூன்று வருடமாகப் பிழையாகப் படிப்பித்திருக்கிறேன். விஞ்ஞானப் பட்டம் வேறு!

பெப்ரவரி 20
துருவ ஆய்வுக் கப்பலில் ஆசிரியர்களையும் சேர்க்கிறார்களாம். விஞ்ஞானிகளோடு நின்று பனியை அளக்க வேண்டும், அதை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். ‘உங்கள் மறக்க முடியாத பாடம்?’ என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. அந்தக் கிளாஸைப் பற்றி எழுதினேன்.
அறைத்தோழி சுபோதினி வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். “விண்ணப்பத்தில தன்ர பிழையை எழுதிற ஒரே ஆள் நீதான்டி.”

ஏப்ரல் 29
கப்பலுக்குத் தெரிவாகிவிட்டேன்!
பாடசாலை அதிபர் லோகேஸ்வரன் சேர் லீவுக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை. “உதெல்லாம் இன்டர்நேஷனல் ஸ்கூல் டீச்சர்மாருக்கு, பிள்ளை. எங்கட பிள்ளையளுக்கு வடதுருவம் என்னத்துக்கு?”
என்னத்துக்கா? மழை பெய்தா கொச்சிக்கடையில டில்ஷானி வீட்டுக்குள்ளதானே தண்ணி வருது? வெள்ளம் மட்டும் எங்களுக்கு, விளக்கம் மற்றவைக்கா? அவர் முன்னால ‘சரி சேர்’ எண்டிட்டு வந்திட்டன். அதுதான் கூட ஆத்திரம்.

மே 2
வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். இடைவேளையில் டில்ஷானியும் நாலு பேரும் அதிபரின் மேசையில் இரண்டு கிளாஸ் வைத்தார்கள். இரண்டிலும் விளிம்புவரை தண்ணீர். ஒன்றில் ஐஸ் மிதந்தது. மற்றதில் தண்ணீருக்கு மேலே தலைநீட்டிய கல், அதன் மேல் ஐஸ்.
ஐஸ் கரைந்தபோது முதலாவதில் தண்ணீர் ஏறவில்லை. இரண்டாவது வழிந்து என் லீவுக் கடிதத்தை நனைத்தது.
சேர் குனிந்து இரண்டு கிளாஸையும் பார்த்தாராம். பிறகு என்னைக் கூப்பிட்டார். “ஈரத் தாளில பேனை எழுதாது. புதுசா ஒண்டு கொண்டு வாரும்.”

ஜூலை 17
பனியாற்றின் மேல் நிற்கிறேன். போன கோடையில் விஞ்ஞானிகள் ஐஸுக்குள் முழுதாகப் புதைத்த கம்பம் இன்று என் இடுப்பளவு வெளியே. அவ்வளவு ஐஸ் உருகியிருக்கிறது. அளந்தது நான்!
தொலைபேசித் திரையில் என் வகுப்பு. பின்வரிசையில் அதிபர்.
“மிஸ், அது மிதக்குதா, நிலத்தில கிடக்குதா?”
“நிலத்தில, டில்ஷானி.”
ஒருவரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 12
திரும்பி வந்தபின் என் முதல் பயிலரங்கு. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் வேறு பாடசாலைகளின் ஆசிரியர்கள் நாற்பது பேர். நான் கம்பத்தின் படங்களைக் காட்டினேன். டில்ஷானி கிளாஸ்களை வைத்தாள், மீன் கடை ஐஸோடு.
முன்வரிசையில் ஒரு சேர் கண்ணாடியைக் கழற்றினார். “பத்து வருசமா இதைப் பிழையாப் படிப்பிச்சிருக்கிறன்.”
“பரவாயில்ல சேர்,” என்றாள் டில்ஷானி. “எங்கட மிஸ்ஸும்தான்.”