மாமரத்துப் பூக்கொத்தி

ஏனுங்க,

எங்கம்மா ஊட்டுக்கு ஈரோடு போறேன். எப்ப வருவேன்னு தெரியலைங்க. கொள்ளுப் பருப்பு கடைஞ்சு வச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க.

நாளைக்கு மாமரத்துல புல்லுருவி வெட்ட ரங்கண்ணன் வருவாருங்க. கிணத்துப் பக்கத்துக் கிளையை மட்டும் தொட வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. நீங்க வாரா வாரம் டாப்ஸ்லிப் காட்டுல தேடற பூக்கொத்திக் குருவி, அந்தக் கிளையிலதான் கூடு கட்டியிருக்கு. அதுக்குத் தின்ன கொஞ்சம் புல்லுருவிப் பழமும் இருக்கட்டும். போன வாரமே சொல்ல வந்தேன். பைனாகுலரைத் துடைச்சுக்கிட்டே, அப்புறம் சொல்லுன்னுட்டீங்க.

தனம்

கூட்டு வாசல்ல வெள்ளையாத் தெரியறது இலவம் பஞ்சுங்க. நம்ம கட்டில்ல கிடந்த உங்க தலையணையை வெயில்ல போட்டிருந்தேன், கிழிசல்ல இருந்து உருவிட்டுப் போச்சு. ஆரும் படுக்காத தலையணைதானேன்னு நானும் விரட்டலைங்க.