இரண்டு பேருக்கு இரண்டு கம்பளி

இன்று காலை கம்பெனியில் புது ஆர்டருக்கான தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குளிர் நாட்டுக்காரர்கள் கேட்டிருக்கும் மலையேற்ற உடுப்பு. உடம்போடு ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று, மழைக்கு மேலே ஒன்று என மூன்று சட்டைகள். கடைசித் தாளில், உள்சட்டையில் வைத்துத் தைக்க வேண்டிய லேபிளின் வாசகம் இருந்தது. குளிரிலும் மழையிலும் இதற்குள்ளே பருத்தி அணியாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னாச்சுங்க என்று கேட்டார். சுகர் இறங்கியிருக்கும் என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாக்கியத்தை உன் வாயால்தான் நான் முதலில் கேட்டேன். அருள்புரத்தில் நம் நிட்டிங் செக்‌ஷனில், மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னாய். "நனையிற எடத்துக்குப் பருத்தி போட்டுட்டுப் போவாத மக்கா. அது தண்ணிய விடாது. ஒன் சூட்டப் பூரா குடிச்சிரும்." நான் சிரித்தேன். ஊரே பனியன் தைத்துச் சாப்பிடுகிறது, நீ பனியன் போடாதே என்கிறாயே என்றேன். நீ விடவில்லை. ஒரே எடையில் இரண்டு துண்டு துணி வெட்டி, வாளியில் முக்கி, பிழிந்து, தராசில் வைத்துக் காட்டினாய். பருத்தித் துண்டின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது. பாலியஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேச்சு முடிந்தது என்பதுபோல வேலைக்குத் திரும்பினாய்.

நீ நாசரேத் பக்கத்துக்காரன். வேலை தேடி வந்து, அனுப்பர்பாளையத்தில் வாடகை வீடு பிடித்து, எஸ்தரோடும் மகளோடும் இருந்தாய். கடலோர ஊரில் பிறந்தவனுக்கு மலை மேல் அப்படி ஒரு பைத்தியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு நாம் இருவரும் கிளம்பிவிடுவோம். கிளம்புமுன் நான் என்ன உடுத்துகிறேன் என்று நீ பார்க்காமல் விட்டதில்லை. சித்திரை வெயிலில் அமராவதி அணைப் பக்கம் காட்டுக்குள் நடந்தபோது பருத்தியைத்தான் போடச் சொன்னாய். தொளதொளவென்று முழுக்கைச் சட்டை, தலையில் நனைத்த துண்டு. வெயிலுக்கு அது தண்ணீரைப் பிடித்து வைப்பதே நல்லது என்றாய். வால்பாறைப் பக்கம் அட்டைக்கடிக் காட்டில், பேன்ட்டின் நுனியை சாக்ஸுக்குள் செருகவைத்து, ஜீன்ஸைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாய். அது நனைந்தால் காய இரண்டு நாளாகும், அதுவரை உன்னையும் சேர்த்து இழுக்கும் என்றாய். மார்கழி விடியலுக்குத் தடித்த ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து வந்தேன். அதை வைத்துவிட்டு மெல்லிய சட்டை இரண்டைப் போடச் சொன்னாய். "நடுவுல நிக்கிற காத்துதான் கம்பளி, கேட்டியா."

கழிவுக்கு ஒதுக்கிய பாலியஸ்டர் துணியைக் கேட்டு வாங்கி, சாம்பிள் டெய்லரைப் பிடித்து, நம் இருவருக்கும் உள்சட்டை தைக்கவைத்தாய். கழுத்துத் தையல் உள்ளே உரசக்கூடாது என்று இரண்டு முறை பிரித்துத் தைக்கவைத்தாய். அப்படி ஒரு ஆள் நீ.

இரண்டாயிரத்து நாலு ஐப்பசியில் கொடைக்கானலுக்கு மேலே புல்வெளிக்குப் போகத் திட்டமிட்டோம். என் மனைவியின் அண்ணன், சோமனூரில் தறி ஓட்டுகிற மச்சான், தானும் வருகிறேன் என்றார். உன்னிடம் சொன்னதும் சந்தோஷப்பட்டாய். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அவரிடம் நான் சொல்லிவிட வேண்டும் என்றாய். சரி என்றேன்.

நான் சொல்லவில்லை.

இதை எழுத எனக்கு இத்தனை வருடமாகியிருக்கிறது. மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. தலைமுறையாகப் பருத்தி நெய்கிற வீட்டுக்காரரிடம், என்னைவிட மூத்தவரிடம், பருத்தி ஆகாது, பாலியஸ்டர் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. போதாததற்கு, ஏற்றுமதியில் மிஞ்சிய தடித்த பருத்தித் தொப்பிச் சட்டை ஒன்றை அவருக்கு நானே பரிசாகக் கொடுத்திருந்தேன். அதைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு, கீழே ஜீன்ஸோடு பஸ் ஏறினார்.

பஸ்ஸில் நீ அவருடைய சட்டைக் கையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாய். எந்தத் துணியையும் அப்படித்தான் பார்ப்பாய். என் பக்கம் குனிந்து, மெதுவாக, இது காட்டனாச்சே, மாற்றுத்துணி இருக்கிறதா என்று கேட்டாய். மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுமோ என்று எனக்கு இருந்தது.

"அவரு பையில இருக்குப்பா" என்றேன்.

நீ தலையாட்டிவிட்டு சாய்ந்துகொண்டாய். நான் சொன்னால் உனக்குப் போதும்.

காலையில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் புல்வெளியின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி ஏறியது. பின்னாலேயே மழை, சாய்ந்து அடிக்கிற காற்று. ஒதுங்க ஒரு மரம் இல்லை. திரும்பி நடந்தோம். ஒரு மணி நேரத்தில் மச்சானுக்குப் பல் கிட்டித்தது. பிறகு அவர் பேச்சு குழறியது. வாய்க்கால் மேட்டுத் தறிக்கு நூல் இறங்கியாச்சா என்று என்னைக் கேட்டார். நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. ஒரு பாறை இடுக்கில் அவரை உட்காரவைத்து அந்தத் தொப்பிச் சட்டையைக் கழற்றினாய். ஈரத்தில் அது ஒரு குழந்தையின் கனம் கனத்தது. அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாய்.

"அந்த மாத்துத்துணிய எடு மக்கா, சட்டுனு."

நான் மச்சானுடைய பையைத் திறந்தேன். ஒரு துண்டு, ஒரு லுங்கி, என் மனைவி கட்டிக்கொடுத்த தேங்காய்ப் பன். நீ பைக்குள் பார்த்தாய். பிறகு நிமிர்ந்து பார்த்தாய். திட்டவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உன் மழைச்சட்டையைக் கழற்றினாய், நடுச்சட்டையைக் கழற்றினாய். இரண்டையும் மச்சானுக்கு மாட்டினாய். உன் மேல் மிஞ்சியது அந்த மெல்லிய உள்சட்டை மட்டும். என்னுடையதைக் கழற்றித் தருகிறேன் என்றேன். அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார், உன் சூடு அவருக்கு வேண்டும் என்றாய்.

"நடந்தா எனக்குச் சூடாயிரும். நான் போய் ஆள் கூட்டிட்டு வாரேன்."

மூடுபனிக்குள் இறங்கிப் போனாய். வேகமாகத்தான் போனாய்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கீழிருந்து எஸ்டேட் வேலைக்காரர்கள் இருவர் முன்னால் வர, நீ பின்னால் வந்தாய். அவர்களிடம் இரண்டு கம்பளி இருந்தது. ஒன்றை மச்சானுக்கும் ஒன்றை எனக்கும் போர்த்தினார்கள். பிளாஸ்கில் சூடாகக் கட்டங்காப்பி. மச்சானுக்குக் கண் தெளிந்தது. எழுந்து நின்றார். எனக்கு ஏற்பட்ட ஆசுவாசத்தில் நான் உன்னைப் பார்க்கவே இல்லை. நீ எங்களுக்குப் பின்னால் வருகிறாய் என்று தெரியும், அவ்வளவுதான். வழியில் ஒரு முறை கேட்டேன், பரவாயில்லையா என்று. போ போ என்று கை காட்டினாய். உன் கை நடுங்கவில்லை. நடுக்கம் நின்றுபோவதுதான் மோசம் என்று எனக்கு அப்போது தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

ரோட்டுக்கு வந்து எஸ்டேட் ஜீப்பில் மச்சானை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். நீ இல்லை.

இரண்டு வளைவு மேலே, பாதையோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். களைப்பில் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறாய் என்றே நினைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தோளைத் தொட்டபோது அந்தச் சில்லிப்பு என் கையில் ஏறியது. கம்பளியை உன் மேல் போட்டுத் தேய்த்தேன். கன்னத்தில் அறைந்தேன், உலுக்கினேன். எஸ்டேட்காரர்களில் மூத்தவர் ஓடி வந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"மேல ரெண்டு பேரு நனஞ்சு கெடக்காங்கன்னுதான் சொன்னாருங்க. அதான் ரெண்டு கம்பளி எடுத்தோம். அவரையும் சேத்துச் சொல்லலீங்களே."

ஆஸ்பத்திரியில் டாக்டர் குளிர்தான் காரணம் என்றார். திருப்பூரில் ஒருவரும் நம்பவில்லை. நம் சீமையில் குளிரில் யாராவது சாவார்களா என்று கேட்டார்கள். நெஞ்சுவலியாக இருக்கும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நான் மறுக்கவில்லை, எனக்கு அது வசதியாக இருந்தது. அடக்கத்தன்று எஸ்தர் என்னை ஒன்றுதான் கேட்டாள். "எல்லாருக்கும் பாத்துப் பாத்து உடுத்தி விடுவாகளே அண்ணே. அவுகளுக்கு எப்படி இப்படி ஆச்சு?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருடம் அப்படியே நின்றிருக்கிறேன்.

இன்று படியிலிருந்து எழுந்து, லீவு சொல்லிவிட்டு, நேராக அனுப்பர்பாளையம் போனேன். எஸ்தர் இப்போது ஒரு தையல் யூனிட்டில் செக்கிங் பார்க்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மச்சானிடம் சொல்லாமல் விட்டதையும், பஸ்ஸில் உன்னிடம் சொன்ன பொய்யையும், நீ பைக்குள் பார்த்ததையும். அவள் அழுவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே திகைத்துப்போய் நின்றாள்.

"உங்க மச்சான் வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு வந்துட்டுப் போவாரு அண்ணே. முதல் வருசம் வந்து அழுதாரு. நான் ஒண்ணும் கொண்டுவராமப் போனதாலதான் இப்படியாச்சுன்னாரு. உங்க பேரே எடுக்கல."

அவர் அங்கே போய் வருகிறார் என்பதே எனக்குத் தெரியாது. என் வீட்டுக் கல்யாணங்களில் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். எஸ்தர் சாப்பாட்டுத் தூக்கை மூடினாள். என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். "அஞ்சு வருசமா அடுத்தவுக பாவத்தச் சுமக்காரு மனுசன்."

சோமனூருக்கு பஸ் பிடித்தேன். மச்சான் தறிக்கூடத்தில் இருந்தார். நான் சொல்வது கேட்காததால் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் மீண்டும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, நின்றுபோன தறியின் பாவு நூலைத் தடவினார்.

"பையத் தொறந்தப்ப அவரு நிமுந்து பாத்தாருங்க மாப்ள. எனக்கு அது மட்டுந்தான் ஞாபகம். என்னையத்தான் பாத்தாருன்னு இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தேனுங்க."

இல்லை, என்னைத்தான் பார்த்தான் என்றேன். அவர் முகத்தை மூடிக்கொண்டார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை, ஆனால் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். பின்னால் தறிகள் ஓடும் சத்தம் கேட்கவில்லை. பஸ் வரும்வரை கேட்கவில்லை.

இதோ இப்போது வீட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். இன்னும் என் மனைவிக்குச் சொல்ல வேண்டும். அவள் அண்ணனுக்கு நான் செய்தது என்னவென்று அவள் என் வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போகிறேன்.