சபர் மன்சில், கதவு எண் 27

1995 நவம்பர் 16, வியாழக்கிழமை, மாலை நான்கு பத்து. வீடுகள் இருபத்தேழு.

இருபத்தாறு வந்திருக்க வேண்டும். படம் வரையும் ப்ளாட்டர் இப்போதுதான் பேனாவை வைத்துவிட்டு நின்றது. சவூதி கோபாரில், எங்கள் சைட் ஆபீஸில் என்னைத் தவிர யாரும் இல்லை. தாளை மேசையில் விரித்தேன், ஓரங்கள் சுருண்டன. அழுத்திப் பிடிக்க எதுவும் கிடைக்காமல், உங்கள் முடுக்கை நீங்களெல்லாம் வரைந்து கொடுத்த அட்டைகளை எடுத்து மூலைக்கு ஒன்றாக வைத்தேன். வாட்ச் பெட்டிக்குள் வரும் கெட்டி அட்டைகள். குனிந்தபோது புகை போடும் ஊதுக்கட்டை வாசம் வந்தது. உங்கள் கடை வாசம். கடைக்கு இப்போது வேறு பூட்டு போட்டிருக்கிறது, காக்கா. வாசம் மட்டும் என் மேசைமேல் இருக்கிறது.

கம்ப்யூட்டர் படத்தில் அந்த ஒரு வீட்டை நான் தனி லேயரில், தனி அடுக்காகப் போட்டு அணைத்து வைத்திருந்தேன். அணைத்ததைக் கம்ப்யூட்டர் ப்ளாட்டருக்கு அனுப்பாது. அனுப்பியிருக்கிறது. நான்தான் அணைக்க மறந்திருப்பேன். அப்படித்தான் இருக்க வேண்டும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சர்வே படித்தவன். கணக்கு ஆரம்பித்த இடத்தில் வந்து மூடவில்லையென்றால் எங்கோ தப்பு இருக்கிறது, தேடினால் கிடைக்கும். உங்களிடமே இதை எத்தனையோ முறை சொல்லி, எத்தனையோ முறை கிண்டல் வாங்கியிருக்கிறேன்.

உங்களைக் காக்கா என்று கூப்பிடவே எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. எங்கள் ஈரோட்டில் காக்கா என்றால் பறவை. உங்கள் ஊரில் அண்ணன். கைக்கடிகாரத்துக்குச் செல் மாற்ற வந்தவன் இதைக் கேட்டுச் சிரித்ததும், கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்: “பறவைன்னே வச்சிக்கிடும் வே. பறந்து வந்து அடுத்தவன் மரத்துலதான உக்காந்திருக்கேன்.” அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் எனக்கு உங்கள் கடைதான்.

போன செப்டம்பரில் ஒரு வெள்ளி, நான் உள்ளே நுழைந்ததும் டீகூடச் சொல்லாமல் ஆரம்பித்தீர்கள். “எஞ்சினியரே, எங்க முடுக்க ரெண்டா வெட்டுறானுவ.”

முடுக்கு என்றால் எனக்குத் தெரியாது. சொன்னீர்கள். தெருவுக்குப் பின்னால் வீடுகளின் முதுகை ஒட்டிப் போகும் ஒடுக்கமான சந்து. பெண்கள் நடப்பதற்கென்றே விட்டது. வீட்டுக்கு வீடு, கல்யாணத்துக்கு, மவுத்து என்கிற சாவுக்கு, குர்ஆன் ஓதிக்கொடுக்கும் இடத்துக்கு, எல்லாம் அந்த வழிதான். மீசை அரும்பிய பிறகு ஆண்பிள்ளை அதில் கால் வைப்பதில்லை. உள்ளாட்சித் தேர்தல் கட்டாயம், மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று சட்டம் மாறியிருந்தது. ஊர் ஊராக வார்டுகளைப் புதிதாக வரைந்துகொண்டிருந்தார்கள். உங்கள் வார்டு பெண்களுக்கு வரும் என்று பேச்சு. உங்கள் ராத்தா, பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் அக்கா, நிற்பதாக இருந்தார். அந்த நேரத்தில் வந்த வரைவில் கோடு முடுக்கின் நடுவே குறுக்காக ஓடியது.

“அதனால என்னங்க? பாதிப் பேரு இந்த பூத்து, பாதிப் பேரு அந்த பூத்து” என்றேன்.

“அந்த பூத்துக்குக் கடைத்தெருவத் தாண்டணும். எங்க ஊட்டுப் பொம்பளைய தாண்ட மாட்டாளுவ. எங்க ராத்தாவுக்கு ஓட்டுப் போடுறதே அவளுவதான். பாதிய வெட்டிட்டா அவ நிக்கவே வேண்டாம்.” பிறகு என்னைப் பார்த்தீர்கள். “நீரு கோடு போடுற ஆளு. நாங்க ஒரே முடுக்குன்னு காட்டி ஒரு படம் போட்டுத் தாரும். ஆச்சேபணை குடுக்கணும்.”

வரைவில் முடுக்கை ஏன் வெட்டினார்கள் என்பது அப்போது நமக்குத் தெரியாது. வெட்டியது மட்டும்தான் தெரியும்.

நான் பார்க்காத ஊர். அளவுச் சங்கிலி போட முடியாது. ஆகவே உங்கள் முடுக்குக்காரர்கள் கோபாரில் இருந்த ஏழு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்தேன். ஒருவர் வரைவதை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். “பரிச்சையா எழுதப்போறோம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் வரைந்தீர்கள். சின்ன வயதுக்குப் பிறகு யாரும் உள்ளே போனதில்லை. அப்படியும் ஏழு படமும் ஒன்றோடொன்று அவ்வளவு சுத்தமாகப் பொருந்தின. நாங்கள் கருவி வைத்து எடுக்கிற அளவுகூட அப்படிப் பொருந்துவதில்லை. முடுக்கு முனை, கிணறு, வளைவு. இருபத்தேழு வாசல்.

கிணற்றுக்கும் வளைவுக்கும் நடுவே இருந்த வாசலை மட்டும் எல்லோரும் சின்னதாக வரைந்திருந்தீர்கள். ஏழு பேருமே சொன்னது: தெருமட்டத்துக்குக் கீழே, ரெண்டு படி இறங்கிப் போகணும்.

“யாரு வீடுங்க அது?” என்று கேட்டேன். மளிகைக்கடை வைத்திருந்தவர் “காக்காவோட பெரியும்மா வீடு” என்றார். நீங்கள் “எனக்கேது வே அங்க பெரியும்மா? அது இவனோட மாமியா வீட்டு வகை” என்று ஏழு பேரில் டிரைவராக இருந்தவரைக் காட்டினீர்கள். டிரைவர் நான்காவது ஆளைக் காட்டினார். அப்படியே சுற்றி மளிகைக்கடைக்காரரிடமே வந்து நின்றது. எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. உங்கள் ஊரில் ஆணுக்கு உம்மா வீடு ஒன்று, பெண்டாட்டி வீடு ஒன்று. அந்தக் குழப்பம் என்று முடிவுகட்டினேன்.

ராத்தாவிடம் போனில் கேட்டோம். “இருபத்தாறு” என்றார் யோசிக்காமல். கிணற்றுக்கும் வளைவுக்கும் நடுவே? “அங்க வீடு ஏது தம்பி? சொவருல்லா. நா பொறந்ததுலேருந்து சொவருதான்.” உங்களைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் அவர்.

இத்தோடு விடுபவரா ராத்தா? மறுவாரம் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸுக்கே போய், சுவரில் ஒட்டியிருந்த வரைவை நின்று படித்திருக்கிறார். அவர் போன் செய்தபோது நீங்கள் ரிசீவரை நம் இரண்டு பேர் காதுக்கும் நடுவே பிடித்தீர்கள்.

“வரைவுலயும் இருபத்தேழுதான் போட்டிருக்கான்” என்றார். “இருபத்தேழாவது வீட்டுக்குப் பேரும் போட்டிருக்கான். சபர் மன்சில்.”

எனக்குப் புரியவில்லை. உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த திருகாணிகள் சிதறின. கணக்கெடுக்க வந்த ஆள் வெளியூர். முடுக்குக்குள் நுழையக் கூடாது என்று முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே நின்றபடி பழைய வாக்காளர் பட்டியலில் இருந்த ஆண்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, இவர் எங்கே, இவர் எங்கே என்று கேட்டிருக்கிறான். முனை வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு பெண்ணும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறாள்: “சபர்ல இருக்காக.” உங்கள் ஊரில் சபர் என்றால் பயணம். வெளிநாட்டில் இருப்பவனெல்லாம் சபராளி. அவனுக்கு அது வீட்டின் பெயராகக் கேட்டிருக்கிறது. முடுக்கின் ஆண்களையெல்லாம் மொத்தமாக அந்த ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டுப் போய்விட்டான். கூட்டம் அளவுக்கு மேல் போயிற்று. வார்டில் அடங்கவில்லை. கோடு நடுவே ஓடியது.

“யாரும் பெண்டாட்டியோட இல்ல, எல்லாவனும் ஒண்ணா கெடக்கான். சரியாத்தான வே எழுதிருக்கான்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

பிறகு உங்கள் கை நின்றது. சிதறிய திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த கை.

“அவன் இல்லாத வீட்ட எழுதுனான், சரி. வெளியூர்க்காரன், தெரியாம எழுதுனான். அதுக்கு முன்னாடியே நாங்க ஏழு பேரும் வரைஞ்சமே வே. அது எந்த வீடு?”

நான் ஏதோ சொன்னேன். சின்ன வயது ஞாபகம், ஒருத்தர் கதை சொல்லி எல்லோருக்கும் பதிந்தது, இந்த மாதிரி. நீங்கள் தலையாட்டினீர்கள். ஆனால் கடை விளக்குகளில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டீர்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

ஆட்சேபணை சுலபமாகிவிட்டது. அப்படி ஒரு வீடே இல்லை என்று படத்தோடு காட்டினால் போதும். வீடு போனால் கூட்டம் குறையும், முடுக்கு முழுசாக ஒரே வார்டில் நிற்கும். ஆனால் வீடு போனால் அதில் எழுதியிருக்கும் பெயர்களும் போகும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவன் ஊரில் குடியிருப்பவன் இல்லை என்பதுதான் சட்டம். அந்த வீடு இருக்கும்வரைதான் நீங்களெல்லாம் ஊரில் இருக்கிறீர்கள். மற்ற ஆறு பேரும் பின்வாங்கினார்கள். “பேரு போனா திரும்ப ஏத்த மாட்டானுவ காக்கா. ராத்தா அடுத்த தடவ நிக்கட்டுமே” என்றார் டிரைவர்.

நீங்கள் அன்று சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் இருக்கிறது. “கடை அரபி மொதலாளி, கபீல் பேருல. வீடு பொண்டாட்டி பேருல. அவளுக்கப்பறம் மவ பேருல. எம் பேருல இருந்தது அந்த ஓட்டு ஒண்ணுதான். அதையே நா வேண்டாங்குதேன். உனக்கென்னல?” என் பக்கம் திரும்பினீர்கள். “அழிச்சிரும் வே.”

அக்டோபர் கடைசியில், அஸர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. உங்களை இங்கேயே அடக்கினார்கள். நான் மதில் சுவருக்கு வெளியே நின்றேன். உள்ளே எந்த மேட்டுக்கும் பெயர் கிடையாதாம், கல் கிடையாதாம். எத்தனையாவது வரிசை, எத்தனையாவது குழி என்று திரும்பி வந்தவர்களிடம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். மளிகைக்கடைக்காரர் கோபப்பட்டார். “எல்லாத்துக்கும் நம்பர் வேணுமா உமக்கு?” ஆமாம், வேண்டும். நம்பர் இல்லாத இடத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை.

இன்று மதியம் ராத்தாவுக்குப் போன் செய்தேன். ப்ளாட் எடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க. உங்கள் வீட்டம்மா, நீங்கள் போனபின் இருக்க வேண்டிய இத்தாவில் அறையோடு இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றார். பிறகு முடுக்கு முனையிலிருந்து வாசல் வாசலாக, அந்தந்த வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லி எண்ணிக்கொண்டு வந்தார். நான் தாளில் குறி போட்டுக்கொண்டே வந்தேன். முடித்ததும் என் குறிகள் இருபத்தேழு.

“ராத்தா, ஒண்ணு கூட வருதுங்க.”

“இல்லியே. இருபத்தாறுதான. இரு, திரும்பச் சொல்லுதேன்.”

இந்த முறை மெதுவாகச் சொன்னார். கிணற்றைத் தாண்டினார். “செய்னம்பு வீடு. அதுக்கு அடுத்தாப்புல, படி எறங்கி…”

நின்றுவிட்டார். ஐஎஸ்டி லைனில் கடல் மாதிரி ஓர் இரைச்சல் எப்போதும் இருக்கும். அதைத் தவிர ஒன்றும் இல்லை.

“ராத்தா?”

“தம்பி,” என்றார். குரல் சின்னப் பெண்ணின் குரல்போல இருந்தது. “நா எதுக்குப் படி எறங்குனேன்?”

பிறகு பழைய குரலில் சொன்னார். “நீரு இருபத்தாறே போடும். வீடு வீடாப் போய்க் கையெழுத்து நா வாங்குதேன். தேதி முடியுறதுக்குள்ள படம் வந்து சேரணும்.” வைத்துவிட்டார்.

அந்த முடுக்கில் நான் ஒருநாளும் நடக்கப்போவதில்லை. இருந்தாலும், கண்ணை மூடினால் இப்போது எனக்கும் தெரிகிறது. கிணறு, ஈரத் தரை, பிறகு இடதுகால் கொஞ்சம் கீழே போகிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான், காக்கா. எட்டாவது ஆளாக நானும் ஒரு அட்டை வரைந்து கொடுக்க முடியும். உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. செய்ய வேண்டியவை:

1. அந்த லேயரை மறுபடி அணைப்பது. அழிப்பதில்லை. நீங்கள் அழிக்கச் சொன்னீர்கள், தெரியும். அணைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். புதிய தாளில் இருபத்தாறு வீடு எடுத்து, இரண்டு முறை எண்ணுவது.

2. நாளை ஊருக்குப் புறப்படும் டிரைவர் கையில் படத்தைக் கொடுப்பது. தன் பெயரை எடுக்கச் சொல்லும் தாளைத் தானே தூக்கிப் போகிறார் என்பதைச் சொல்லிவிட்டே கொடுப்பது.

3. இன்று ப்ளாட்டர் வரைந்ததை ராத்தாவிடம் சொல்லாமல் இருப்பது. அவர் தேர்தலில் நிற்க வேண்டும்.

4. ஆட்சேபணையை ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு இந்த உலகத்தில் எந்த முகவரியும் இருக்காது. அதற்கு முன், இந்த மடலைச் சாதாரணத் தபாலில் சபர் மன்சில், கதவு எண் 27 என்று எழுதி, அனுப்புநர் முகவரியோடு போடுவது.

5. அப்படி முகவரி இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தால், மேசை இழுப்பறையில் வைப்பது. திரும்பி வராவிட்டால், யாரிடமும் விசாரிக்காமல் இருப்பது.