சைகோனுக்கு ஒரு படம்

கோலாலம்பூர், 9 நவம்பர் 2025. இன்று எனக்கு அறுபத்தொன்பது வயதும் நான்கு நாளும்.

அன்புடைய உங்களுக்கு,

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்.

நூலக வேலையில் ஐந்து நாள் விடுப்பு. பாங்காக்கும் சைகோனும் போகிறேன். "ஒரு ஊரு பத்தாதா ஒனக்கு?" என்று போனில் கேட்டீர்கள். பாங்காக்கில் விமானம் மாறினால் பாதி விலைதான். ஆகவே அந்த ஊர் இனாம். ஏழு கிலோப் பையைத் தூக்கி ஒத்திகை பார்த்ததில் படிக்கட்டில் சறுக்கினேன். பையின் பிடி உடைந்தது, நான் உடையவில்லை. சைகோனில் எட்டுப் பேர் தங்கும் அறை. மேல்கட்டிலில் ஏறமாட்டேன் என்று எழுதிவிட்டேன்.

இங்கு வருபவர் யாரிடமாவது மாவடு கொடுத்தனுப்புங்கள். ஒருத்திக்கென்று சமைக்க அலுப்பாக இருக்கிறது.

வீட்டு முகப்பில் நம் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் உங்கள் அப்பச்சி படத்தின் நகலும் வேண்டும். நீங்கள் எடுத்தால் உங்கள் விரலும் சேர்ந்து விழும். பொன்னமராவதி ஸ்டுடியோவில் கொடுத்து, என் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

படம் எனக்கல்ல. அப்பச்சி தொழிலுக்குப் போயிருந்த சைகோனில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறார், உங்களுக்கு எட்டு வயது இளையவர். அப்பச்சி இறந்த மறுவருஷம் அவர் எழுதிய கடிதம் என் கையில் கிடைத்தது. உங்களைப் பெற்ற ஆத்தா இருந்தவரை அவர் மனசுக்காக மறைத்தேன்; பிறகு துணிவில்லாமல் மறைத்தேன். முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. போன மாதம் அதே முகவரிக்கு எழுதினேன், பதில் வந்தது. தகப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். வேறெதுவும் கேட்கவில்லை.

வீட்டில் பெண்பிள்ளை பிறக்காமல் உங்கள் அப்பத்தா பெயர் விட்டுப்போயிற்று என்று வருந்துவீர்களே, விட்டுப்போகவில்லை. சைகோனில் இருப்பவர் பெயரும் விசாலாட்சி.

மெய்யம்மை