நீ குடித்த பாசித் தண்ணீர்

ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகன் நேற்று வந்தான். பெட்டியைத் திறந்ததும் அந்த வாடை எழுந்தது. தோல் வார் போலக் காய்ந்த பழுப்புக் கடல்பாசி, மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. பெட்டியை மூடச் சொன்னேன். அவனுக்குக் காரணம் தெரியாது. உனக்குத் தெரியும்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் பதினான்கு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். தேவதானத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போதே முந்தானையைக் கழுத்தில் சுற்றியிருப்பாய். கழுத்துக் கழலை தெரியும் என்று போட்டோவுக்குக்கூட நிற்கமாட்டாய். வருஷம் ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும் என்றிருந்தார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர். உன் மகள் கல்யாணம் நெருங்கியதும் உனக்கு அது போதவில்லை.

என் மகன் முன்பு கொண்டுவந்த பாசியைக் கொடுத்து நான்தான் ஆரம்பித்தேன். இந்தப் பாசிக்கு வேர் கிடையாது, பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும், கடல் தண்ணீரில் இருக்கும் அயோடினை உறிஞ்சித் தனக்குள்ளே சேர்த்து வைக்கும், ஜப்பானில் சூப்பு வைத்துக் குடிக்கிறார்கள் என்று மகன் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அயோடின் குறைந்துதானே கழுத்து வீங்குகிறது என்று வைத்தியமும் நானே முடிவு செய்தேன். அவர்கள் ஒரு துண்டை ஊறவைத்து எடுத்துவிடுவார்களாம். உன்னை வேகவைத்துத் தண்ணீரைக் குடிக்கவும் சக்கையைத் தின்னவும் சொன்னேன். தினமும்.

இரண்டு மாதத்தில் இளைத்துப் போனாய். கை நடுங்கி மடிப்பு கோணியது. நெஞ்சு படபடக்கிறது என்றாய்.

"மருந்து வேலை செய்யுதுடி. செத்த பொறுத்துக்கோ" என்றேன்.

ஆஸ்பத்திரியில், தைராய்டு இப்படி ஏறியது ஏன் என்று புரியாமல், வெளி மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். நீ மூச்சிரைக்க என்னை ஒருதரம் பார்த்தாய்.

"ஒண்ணும் திங்கலைய்யா."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய். நான் வாயைத் திறந்திருக்கலாம். உன் மகள் பக்கத்தில் நின்றதால் திறக்கவில்லை. மறுநாள் காலை உன் இதயம் நின்றுபோனது.

சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா? எந்த டாக்டரிடமும் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. சில நாள் உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஏச்சு வாங்கியிருப்பேன், அவ்வளவுதானே.

இன்று உன் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். அடுத்த மாதம் திரும்ப வேலைக்குப் போகிறாளாம்.

"அம்மா கூட கடைசி வரைக்கும் நின்னது நீங்கதான் பெரியம்மா. இவன் உங்ககிட்ட வளரட்டும். வேற யாரையும் நம்பி விட மனசு வரலை" என்று உன் பேரனை நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.