ஏழாம் வகுப்பில் உங்கள் பாடம்

சார்,

கல்லறைத் திருநாளன்று ஆவூரில் உங்கள் கல்லறைக்கு வந்திருந்தேன். உங்கள் வீட்டார் சாமந்தி மாலை போட்டு, சிலுவையின் அடியில் வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். காற்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தது. அணைந்த திரியின் புகை வாசனை மற்றவர்களுக்கு ஜெபத்தை நினைவூட்டும். எனக்கு நம் பள்ளியின் ஆய்வகம் நினைவுக்கு வந்தது. தீப்பெட்டி என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து மறுபடி ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். எதற்கும் தயங்குகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கூரை ஒழுகிய வகுப்பில் குடை பிடித்துக்கொண்டு பாடம் நடத்தியவர் நீங்கள். உங்கள் குரல் கேட்டால் தூங்கி விழுகிற பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். அதையெல்லாம் உங்கள் அடக்கத்தன்று எல்லோரும் பேசிவிட்டார்கள். அவர்கள் விட்டதை நான் எழுதுகிறேன்.

நீங்கள் தலைமையாசிரியராகவும் நான் உங்கள் கீழ் அறிவியல் ஆசிரியராகவும் இருந்த அந்தக் கோடை விடுமுறையில், நடுநிலை வகுப்புகளுக்கு இயற்பியல் செய்முறைத் திட்டம் ஒன்று போடச் சொன்னீர்கள். பாடப்புத்தகத்தோடு சேர்த்து நடத்துவதற்கு. விடுமுறை முழுவதும் அதிலேயே கிடந்தேன். ஆறாம் வகுப்புக்கு அளத்தலும் மிதத்தலும், ஏழுக்குக் காற்றும் வெப்பமும், எட்டுக்கு மின்சாரமும் ஒளியும். எனக்கு ஒரே ஒரு விதி. பிள்ளை கையால் செய்து பார்க்காத எதற்கும் விளக்கம் எழுதக் கூடாது. மிதத்தலுக்குக் கோட்டைப்பட்டினத்துப் படகிலிருந்து ஆரம்பித்திருந்தேன். நீங்கள் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ஒங்க இஷ்டம் வாத்தியாரே. என்னத்தப் போட்டாலும் பரீட்சைக்குப் புத்தகத்தைத்தான் படிப்பாய்ங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தீர்கள். ஏழாம் வகுப்பில் பேனா நின்றது.

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். அது உங்களுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த சோதனை. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அது எரிந்து தீர்ந்ததும் அந்த இடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் வருகிறது என்பீர்கள். கேட்க அழகாக இருக்கும். நான் அந்த விளக்கம் தவறு என்று எழுதியிருந்தேன்.

ஆய்வகத்தில் உங்களுக்குச் செய்து காட்டினேன். அதே தட்டு, அதே டம்ளர். மெழுகுவர்த்தி மட்டும் மூன்று. டம்ளருக்குள் இருப்பது அதே காற்று, அதே ஆக்ஸிஜன். உங்கள் கணக்குப்படி தண்ணீரும் அதே அளவுதான் ஏற வேண்டும். ஏறக்குறைய பாதி டம்ளர் ஏறியது. சூட்டில் விரிந்த காற்று விளிம்பு வழியே குமிழ் குமிழாக வெளியே போகிறது, சுடர் அணைந்து உள்ளே குளிர்ந்ததும் வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "இன்னொரு தடவ செய்ங்க" என்றீர்கள், மிகவும் மெதுவாக. செய்தேன். இந்த முறை குமிழ்களைப் பார்த்தீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் மற்ற ஆசிரியர்கள் டீ குடிக்க உள்ளே வந்தார்கள். நீங்கள் நிமிர்ந்தீர்கள்.

"என்ன வாத்தியாரே, பாடத்துக்குக் கொளுத்துறீங்களா, அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டதைக் கொளுத்துறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீரை ஜன்னல் வழியே ஊற்றிவிட்டு, நான் எழுதியிருந்த பக்கத்தில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டீர்கள்.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. அன்றிலிருந்து நான் 'மூணு மெழுகுவத்தி' ஆனேன். ஆசிரியர் அறையில் ஆரம்பித்து, பிள்ளைகளிடம் போய், கடைத்தெரு வரைக்கும் வந்தது. என் பணிநிறைவு விழாவில் மைக்கைப் பிடித்து அந்தக் கதையை மறுபடி சொன்னீர்கள். முன்வரிசையில் இருந்த என் மனைவி, என்னைப் பாராட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அதற்காக உங்களை நான் மன்னிக்கவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகும் வீட்டுச் சமையலறையில் அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறேன். நான்தான் தப்போ, என் கை நடுக்கத்தில்தான் காற்று வெளியேறுகிறதோ என்று சந்தேகம். டம்ளரை மாற்றினேன், தட்டை மாற்றினேன். தண்ணீர் என் பக்கமே நின்றது.

உங்கள் மாணவி ஆரோக்கியமேரிதான் இப்போது நம் பள்ளியின் தலைமையாசிரியை. பழைய திட்டத்தைப் புதுப்பித்துத் தரச்சொல்லி இந்த வருடம் என் வீட்டுக்கு வந்தாள். ஆய்வகத்துக்கு உங்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், சுவரில் உங்கள் படம் இருக்கிறது. "ஏழாம் வகுப்புக்கு மொதப் பாடமா சாரோட மெழுகுவத்திச் சோதனையை வச்சு, சார் பேரையும் போட்டுருவோம்ங்க ஐயா. பசங்க சாரை மறந்துறக் கூடாதுல்ல" என்றாள். உடனே சரி என்றேன். எதற்கும் அவகாசம் கேட்கிறவன் உடனே ஒத்துக்கொண்டது அவளுக்கே ஆச்சரியம்.

பாடத்தை எழுதினேன். தலைப்பில் உங்கள் பெயர். முதல் வகுப்பில் ஒரு மெழுகுவர்த்தி. உங்கள் விளக்கத்தை உங்கள் வார்த்தையிலேயே பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகுப்பில் மூன்று. அதன் பிறகு, முதலில் எழுதிய விளக்கத்தில் என்ன தவறு என்று அவர்களே எழுத வேண்டும்.

படித்துவிட்டு ஆரோக்கியமேரி தலைப்பின்மேல் விரலை வைத்தாள்.

"பாடம் இருக்கட்டும்ங்க ஐயா. பேரை மட்டும் எடுத்துருவோம். பாவம், சாருக்கு இது தெரிஞ்சிருக்காது."

பெயர் போய்விட்டால் அது வெறும் பாடம்.

"தெரியும்மா. நான்தான் செஞ்சு காமிச்சேன். ரெண்டு தடவ பாத்தாரு. பேரு இருக்கட்டும். இல்லைன்னா இந்தத் திட்டமே வேணாம்."

வாழ்க்கையில் யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. அவள் தாள்களை மடித்துக்கொண்டே, "சரிங்க ஐயா" என்றாள். குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. போகட்டும்.

போன வாரம் ஆரோக்கியமேரியே அந்தப் பாடத்தை நடத்தினாள். உங்கள் படத்துக்கு எதிரே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாதி டம்ளர் ஏறியதும் ஒரு பிள்ளை எழுந்தாள்.

"இந்த சார் மூணு வச்சுச் செஞ்சு பாக்கவே இல்லையா மிஸ்?"

ஆரோக்கியமேரி என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

"பாத்தாரும்மா."

"பாத்துட்டும் மாத்தலையா?"

"மாத்தலை."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. உங்கள் விளக்கத்தின்மேல் கோடு போட்டு, 'தவறு' என்று எழுதிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எனக்கு அது சிரிப்பைவிட நிறைவாக இருந்தது. இனி வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வந்து, உங்கள் ஆய்வகத்தில் வைத்து, உங்கள் படத்துக்குக் கீழேயே அதைச் செய்வார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள்மேல் இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். குளத்தூர் தாண்டியும் வரவில்லை. ஒரு பெயரை ஒருவர்மேல் ஒட்டிவிட்டால் அது எளிதில் உதிராது என்பது நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். கோபமும் செலவாகித் தீரவில்லை.

எட்டாம் வகுப்புத் திட்டத்தை இன்னும் தொடங்கவில்லை. மின்சாரம் வருகிறது. பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துபோகும் என்று நீங்கள் வகுப்பு வகுப்பாகத் தவறாகச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பல்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைக்க, அம்மீட்டர் இரண்டு கேட்டிருக்கிறேன்.